மெனோபாஸ்: ஹார்மோன் "குறைகிறது" என்பது பாதி உண்மைதான்

45 வயதை ஒட்டிய ஒரு பெண் தூக்கம் வரவில்லை என்று சொன்னாலும், முட்டி வலிக்கிறது என்று சொன்னாலும், காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "எல்லாம் ஹார்மோன் பிரச்சினை." அந்த ஹார்மோன் எது, அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறவருக்குத் தெரியாது. கேட்கிறவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அப்புறம் பேச்சு இரண்டு வழிகளில் ஒன்றில் போகும். "வயசானா அப்படித்தான், பொறுத்துக்கோ" என்பது ஒரு வழி. "இந்தப் பொடியைச் சாப்பிடு, ஹார்மோன் சமநிலைக்கு வந்துடும்" என்பது இன்னொரு வழி.

என் அக்கா இந்த இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவள். 46 வயதில் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நன்றாக இருந்தது. மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சில மாதங்களாக நாள் தப்பி வருகிறது என்று சொல்லியிருப்பாள். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் அவளே அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பாள். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

## முதலில் பெயர்கள்

மெனோபாஸ் என்றால் மாதவிடாய் முற்றாக நின்றுபோவது. தொடர்ந்து 12 மாதம் வரவில்லை என்றால், கடைசியாக வந்ததே மெனோபாஸ் என்று மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். அதாவது அது நடக்கும்போது நமக்குத் தெரியாது, ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலானவர்களுக்கு இது 45-க்கும் 55-க்கும் இடையில் வரும்.

அதற்கு முந்தைய தடுமாற்றக் காலத்தின் பெயர் பெரிமெனோபாஸ். நாள் தள்ளிப்போவது, சீக்கிரம் வருவது, ஒரு மாதம் கொட்டுவது, அடுத்த மாதம் எட்டிக்கூடப் பார்க்காதது எல்லாம் இந்தக் காலத்தில்தான். சராசரியாக 4 வருஷம். சிலருக்குச் சில மாதங்களில் முடிந்துவிடும், சிலருக்கு 8, 10 வருஷம்கூட இழுக்கும். மெனோபாஸ் தொந்தரவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காலத்திலேயே, மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. "இன்னும் பீரியட்ஸ் வருதே, அதுவா இருக்காது" என்று நினைத்து இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

இன்னொரு குழப்பம், கருப்பையை எடுத்துவிட்டால் மெனோபாஸ் வந்துவிட்டது என்று நினைப்பது. மாதவிடாய் நிற்கும், உண்மை. ஆனால் இங்கே பேசுகிற ஹார்மோன்களைச் சுரப்பவை கருப்பையின் இரண்டு பக்கமும் இருக்கும் சினைப்பைகள். அவற்றை விட்டுவைத்திருந்தால் அவை வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அப்புறம் அதன் காலத்தில், சிலருக்குக் கொஞ்சம் முன்னதாகவே, மெனோபாஸ் வரும். மாதவிடாய் என்ற அடையாளம் இல்லாததால் மற்ற அறிகுறிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டாலோ மெனோபாஸ் ஒரேயடியாக வந்து நிற்கும், தொந்தரவும் பெரும்பாலும் கடுமையாக இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் "எதை எடுக்கப் போகிறீர்கள், எதை விடப் போகிறீர்கள்" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

## மூளை சொல்கிறது, சினைப்பை கேட்கிறது

ஹார்மோன் என்பது ஒரு தகவல். உடம்பின் ஒரு பகுதி அதை ரத்தத்தில் அனுப்புகிறது, தூரத்தில் இருக்கும் இன்னொரு பகுதி அதைப் பெற்று அதன்படி நடக்கிறது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அது மாதாமாதம் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி, "ஒரு முட்டையைத் தயார்செய்" என்று சினைப்பையிடம் சொல்கிறது. முட்டை வளரும்போது அதைச் சுற்றியுள்ள செல்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. அது ரத்தத்தில் ஏறியதும், "வேலை நடக்கிறது" என்று புரிந்துகொண்டு பிட்யூட்டரி குரலைத் தணித்துக்கொள்கிறது. முட்டை வெளியான பிறகு, அது இருந்த இடத்திலிருந்து புரோஜெஸ்டிரான் சுரக்கிறது. கருப்பையின் உள்பூச்சு கண்டபடி வளராமல் ஒழுங்கில் வைப்பது இதன் வேலை.

முட்டைகளோ கையிருப்புதான். பிறக்கும்போது 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருக்கும். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சமாகிவிடும். வாழ்நாளில் வெளியாவது 400, 500 மட்டும். மற்றவை தாமாகவே கரைந்துபோகின்றன. நாற்பதுகளில் கையிருப்பு அடிமட்டத்தைத் தொடுகிறது. மிச்சமிருக்கிற முட்டைகள் எஃப்.எஸ்.எச். சொல்வதைச் சட்டென்று கேட்பதில்லை.

காது மந்தமானவரிடம் நாம் என்ன செய்வோம்? குரலை உயர்த்துவோம். பிட்யூட்டரியும் அதையே செய்கிறது. எஃப்.எஸ்.எச். கூடுகிறது. சில மாதங்களில் அந்தச் சத்தத்துக்கு ஒன்றுக்குப் பதில் பல முட்டைகள் ஒன்றாக விழித்துக்கொண்டு, வழக்கத்தைவிட அதிகமாகவே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துவிடும். மார்பு கனத்து வலிப்பதும் உதிரம் கொட்டுவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட மாதங்களில்தான். இன்னொரு மாதம் எந்த முட்டையும் அசையாது, ஈஸ்ட்ரோஜன் தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். முட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரானும் கிடையாது. அது இல்லாமல் தடித்து வளர்ந்த உள்பூச்சு, பிறகு கட்டுப்பாடில்லாமல் உதிர்கிறது.

தண்ணீர் தீரப்போகிற தொட்டியின் குழாயைத் திறந்து பார்த்திருப்பீர்கள். தாரை ஒரே சீராக மெலிந்து நிற்காது. காற்றும் தண்ணீருமாகத் திடீரென்று சீறும், நிற்கும், மறுபடி சீறும். அதன் பிறகுதான் அடங்கும். பெரிமெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் அப்படித்தான் தீர்கிறது. "ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணம்" என்பது பாதி உண்மை என்று தலைப்பில் சொன்னது இதைத்தான். கடைசியில் குறைகிறது. ஆனால் அதற்கு முன்னால் பல வருஷம் ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிறது.

"ஹார்மோன் சமநிலை" என்ற சொல்லிலேயே எனக்குச் சங்கடம் உண்டு. 25 வயதுப் பெண்ணின் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் ஒரே அளவில் நிற்பதில்லை, மாதம் முழுக்க ஏறி இறங்குகிறது. அவளுக்கு இருப்பது சமநிலை என்பதைவிடத் தாளம் என்று சொல்வதுதான் பொருந்தும். நாற்பதுகளில் தப்புவது அந்தத் தாளம். தட்டு தாழ்ந்துவிட்டது, ஒரு படிக்கல்லை எடுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கவைப்பது "சமநிலை" என்ற சொல்தான். பொடி விற்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முட்டைக் கையிருப்பு குறைகிறது. மூளை சத்தமாகப் பேசுகிறது. சினைப்பை சில மாதம் அளவுக்கு மீறிப் பதில் சொல்கிறது, சில மாதம் பேசாமலே இருக்கிறது. புரோஜெஸ்டிரான் முதலில் தடுமாறுகிறது, ஈஸ்ட்ரோஜன் ஊசலாடிவிட்டுப் பிறகு அடங்குகிறது.

## குப்பென்று ஏறும் சூடு

இரவு இரண்டரை மணி. தூக்கத்தில் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒரு சூடு. கழுத்து, காது, முகம் என்று மேலே ஏறுகிறது. போர்வையை உதறுகிறோம். பின்கழுத்து நனைந்து, தலையணை உறை ஈரமாகிவிட்டது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. நாலு நிமிஷம் கழித்து எல்லாம் அடங்கி, நனைந்த துணியோடு உடம்பு குளிரெடுக்க, உதறிய போர்வையைக் கை தேடுகிறது. இதுதான் ஹாட் ஃப்ளஷ். இரவில் வந்தால் இரவு வியர்வை என்பார்கள். நாலில் மூன்று பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் இது வருகிறது.

இதற்குக் காரணம் உடம்பில் கூடிய சூடு அல்ல, சூட்டை அளக்கிற இடத்தில் நடக்கிற கோளாறு. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்கிறது. இஸ்திரிப் பெட்டியில் குறிப்பிட்ட சூடு வந்ததும் தானாக அணைகிற தெர்மோஸ்டாட் போல. சாதாரணமாக அதற்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. உடம்பின் வெப்பம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் கண்டுகொள்ளாது. அந்தப் பகுதியில் சில நரம்புச் செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் விலகும்போது அவை மிகையாகத் துடிக்கின்றன, தெர்மோஸ்டாட்டின் பொறுமை சுருங்கிப்போகிறது. துளி வெப்பம் ஏறினாலும், "உடம்பு கொதிக்கிறது, உடனே ஆற்று" என்று ஆணை பறக்கிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். வியர்வை கொட்டுகிறது. உடம்பு தேவைக்கு மேல் ஆறிப்போவதால் கடைசியில் நடுக்கம்.

அக்காவின் படபடப்பும் இதன் ஒரு துண்டுதான். சூடு அவளுக்கு லேசாகத்தான் தெரிந்தது, இதயத் துடிப்புதான் பெரிதாகத் தெரிந்தது. அதனால் அது இதயத்தின் பிரச்சினையாகவும், அப்புறம் மனசின் பிரச்சினையாகவும் பார்க்கப்பட்டது.

"ஒரு வருஷத்தில் போய்விடும்" என்பார்கள். அமெரிக்காவில் பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், அடிக்கடி ஹாட் ஃப்ளஷ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7 வருஷத்துக்கு மேல் நீடித்தது. 7 வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று ஒருவரிடம் சொல்வது நியாயமில்லை.

## மற்றவை

ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டுமான ஹார்மோன் இல்லை. மூளை, எலும்பு, ரத்தக் குழாய், தோல், சிறுநீர்ப்பை என்று பல இடங்களில் அதைப் பெற்றுக்கொள்ளும் செல்கள் உண்டு. அதனால்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தொந்தரவுகள் வருகின்றன. தூக்கம் கெடுவது, எரிச்சல், மனச்சோர்வு, மூட்டு வலி, பழகிய பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் போவது. இந்த மறதியைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் பலர். அது முதுமையின் மறதி நோய் இல்லை, பெரும்பாலும் இந்தக் காலம் கடந்ததும் மட்டுப்படுகிறது. முன்பு மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இந்த வருஷங்களில் அது திரும்பி வர வாய்ப்பு கூடுதல் என்பதை மட்டும் வீட்டில் இருப்பவர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், யாரும் வாய் திறப்பதில்லை என்பதால். பிறப்புறுப்பு வறட்சி. ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது யோனியின் சுவர் மெலிந்து உலர்கிறது. எரிச்சல், அரிப்பு, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. ஹாட் ஃப்ளஷ் காலப்போக்கில் அடங்கிவிடும், இது அடங்காது. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் கூடும். உறவில் விருப்பம் போய்விட்டது என்று கணவன் மனைவி இருவரும் மனக்கசப்போடு விலகியிருக்கும் வீடுகளில், வலிதான் காரணம் என்று சொல்லப்படாமலே போவதுண்டு. இத்தனைக்கும் இதற்கான தீர்வு எளிது. ஈரப்பதம் தரும் ஜெல், உறவின்போது வழுவழுப்புக்கான ஜெல், போதவில்லை என்றால் மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அல்லது சிறு மாத்திரை. இவற்றை அந்த இடத்திலேயே வைப்பதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

## ரத்தப் பரிசோதனை தேவையா?

"ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 45 வயதைத் தாண்டி, மாதவிடாய் தப்பி, அறிகுறிகளும் இருந்தால் அது பெரும்பாலும் தேவையில்லை. சீறிச் சீறி நிற்கிற அந்தக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரத்தம் கொடுத்த காலை அது சீறிய நேரமா, நின்ற நேரமா? இன்றைக்கு "நார்மல்" என்று வரும், மூன்று வாரம் கழித்து எடுத்தால் வேறு எண் வரும். தொந்தரவோடு இருக்கிற பெண்ணை "ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட இந்த எண் காரணமாகிவிடுகிறது.

45-க்குக் கீழே, குறிப்பாக 40-க்குக் கீழே மாதவிடாய் நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது பரிசோதனை கட்டாயம் வேண்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மெனோபாஸைப் போலவே வேஷம் போடும். அவற்றைப் பார்த்துவிடுவது எந்த வயதிலும் நல்லது.

## தணிக்கும் வழிகள்

முதலில் நாமே செய்யக்கூடியவை. காற்றோட்டமான அறை, கழற்றிப் போட வசதியாக அடுக்கடுக்கான உடை. இவை ஹாட் ஃப்ளஷின் எண்ணிக்கையைக் குறைக்காது, வரும்போது தாங்கிக்கொள்ள உதவும். காபி, மது, காரம் சிலருக்கு அதைத் தூண்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை, உங்களுக்கு எது என்று பார்த்து அதை மட்டும் விடுங்கள். கூடுதல் எடை இருந்தால் குறைப்பது உண்மையிலேயே பலன் தருகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை ஒன்று உண்டு. நம் எண்ணமும் பழக்கமும் ஒரு தொந்தரவை எப்படிப் பெரிதாக்குகின்றன என்று கண்டு மாற்றுவது அது. சூட்டின் பாதிப்பையும் தூக்கமின்மையையும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அடுத்தது ஹார்மோன் சிகிச்சை. இழந்த ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, ஜெல்லாகவோ குறைந்த அளவில் திரும்பக் கொடுப்பது. கருப்பை இருப்பவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டிரானும் தருவார்கள், உள்பூச்சு தடித்துப் புற்றாக மாறாமல் காக்க. ஹாட் ஃப்ளஷுக்கு இதைவிடப் பலனுள்ள மருந்து இன்றுவரை இல்லை. எண்ணிக்கை சுமார் 75 சதவீதம் குறைகிறது.

இதைச் சொன்னதும் "அதைச் சாப்பிட்டால் கேன்சர் வருமே" என்ற பயம் வரும். அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு மிகப் பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகம் முழுக்கச் செய்தி. லட்சக்கணக்கான பெண்கள் மருந்தை நிறுத்தினார்கள். அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால்: மருந்து சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்துக்கு 30 பேருக்கு வந்தது, சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. 8 பேர் கூடுதல். அது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை, ஆனால் செய்தி கிளப்பிய பயத்தோடு ஒப்பிட்டால் வேறு அளவு. அதோடு, ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. தொந்தரவுக்காக மருந்து தேடுகிறவர்கள் அவர்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்கள். கருப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்று கூடவும் இல்லை.

இன்றைய நிலைப்பாடு இதுதான்: 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகி 10 வருஷத்துக்குள் ஆரம்பித்தால், ஆரோக்கியமான பெரும்பாலான பெண்களுக்கு நன்மை பாதிப்பைவிட அதிகம். மார்பகப் புற்று வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ ரத்தக் கட்டோ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள் பொதுவாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரையைவிடத் தோல்வழிப் பட்டையில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு. எதுவானாலும் மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய மருந்து, பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்குகிற விஷயம் இல்லை.

ஹார்மோன் வேண்டாம் அல்லது கூடாது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சில மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவில் ஹாட் ஃப்ளஷைத் தணிக்கின்றன. அதை எழுதித் தந்தால், "எனக்கு மனநோய் என்கிறார்களா" என்று நினைக்க வேண்டாம், அது தெர்மோஸ்டாட்டுக்கான மருந்தாகத் தரப்படுகிறது. மேலே சொன்ன, மிகையாகத் துடிக்கிற நரம்புச் செல்களின் தகவலையே மறிக்கிற ஃபெசோலினெட்டான்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி கொடுத்தது. அதை எடுத்துக்கொள்கிறவர்கள் கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பொடிகள், மூலிகைக் குளிகைகள்? சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. "இயற்கையானது, பக்க விளைவு கிடையாது" என்று எழுதியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: லேசான தொந்தரவுக்குப் பழக்க மாற்றம், கடுமையானதற்கு ஹார்மோன் அல்லது வேறு மருந்து, வறட்சிக்கு அந்த இடத்திலேயே மருந்து.

## எலும்பும் இதயமும்

இவை சத்தம் போடாது. எலும்பு என்பது ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் கட்டிக்கொண்டே இருக்கிற வீடு. இடிப்பவர்களைக் கட்டுக்குள் வைப்பது ஈஸ்ட்ரோஜன். அது போனதும் இடிப்பு முந்திக்கொள்கிறது. மெனோபாஸை அடுத்த சில வருஷங்களில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. வலிக்காது, ஒருநாள் கால் இடறி மணிக்கட்டு முறியும்போதுதான் தெரியும். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. எடை தூக்குகிற மாதிரி தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். 50-க்கு மேல் நாளொன்றுக்கு உணவு உட்பட 1,200 மில்லிகிராம் கால்சியம், போதுமான வைட்டமின் டி, புகைக்கு முழு விடுப்பு. இதயத்தைப் பொறுத்தவரை, இரத்த அழுத்தமும் ரத்தத்தில் உள்ள கொழுப்பும் இந்த வயதில் ஏறத் தொடங்கும், வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

## காத்திருக்கக் கூடாதவை

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "மறுபடி வந்துடுச்சு போல" என்று விடக் கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனால் கருப்பைப் புற்று தரும் முதல் எச்சரிக்கையும் இதுதான். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணமாக்கக்கூடியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு உதிரம், உறவுக்குப் பிறகு ரத்தம், நெஞ்சுவலியோடு படபடப்பு, வாழ்ந்து என்ன என்ற எண்ணம், இவை எதையும் மெனோபாஸ் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

கர்ப்பத்தையும் மறக்க வேண்டாம். நாள் தப்புகிறது என்பதற்காக முட்டை வெளியாவது நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. 50-க்கு மேல் என்றால் கடைசி மாதவிடாய்க்கு ஒரு வருஷம் வரை, 50-க்குக் கீழ் என்றால் இரண்டு வருஷம் வரை கருத்தடை தேவை.

மருத்துவரிடம் போகும்போது எதைக் கொண்டுபோவது? அக்கா இரண்டாவது முறை, வேறொரு மருத்துவரிடம் போனபோது, ஒரு பழைய நோட்டைக் கொண்டுபோனாள். மூன்று மாதக் கணக்கு. தேதி, உதிரம் வந்ததா, எவ்வளவு, இரவில் எத்தனை முறை விழிப்பு, படபடப்பு எத்தனை மணிக்கு. "12-ம் தேதி, 2.40, துணி மாத்தினேன்" என்கிற மாதிரி ஒற்றை வரிகள். அந்த மருத்துவர் ஒரு நிமிஷம் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.